பிரதியூரின் சம்மதம்

ஒரு ஊரிடம் சம்மதம் வாங்க அந்த ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று சட்டம் வந்த அன்று, எங்கள் ஆய்வு மையத்தில் கேக் வெட்டினோம். மானிடவியல் படித்தவர்களை நாடு ஒரு பொருட்டாக மதித்தது அதுதான் முதல் தடவை. "அப்படின்னா எலும்பெல்லாம் தோண்டுவீங்களா?" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள்கூட அன்று போன் செய்து வாழ்த்தினார்கள்.

அதற்கு முன் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பந்தல் போடுவார்கள், போலீஸ் நிற்கும், பிரியாணிப் பொட்டலம் வரும். எதிர்த்துப் பேசுகிறவனின் மைக் மட்டும் சரியாக அந்த நேரம் பார்த்துக் கெட்டுப்போகும். மறுநாள், மக்கள் ஏகமனதாக ஆதரித்தார்கள் என்று செய்தி வரும். இந்தக் கூத்துக்கு மாற்றாகத்தான் பிரதியூர் வந்தது.

விஷயம் எளிமையானது. ஒரு கடலோரக் கிராமத்தில் நான்கு வருஷம் தங்குவோம். மக்களின் அனுமதியோடு வீடுகளில், ஏலக்கொட்டகையில், படகுகளில், கோயில் வாசலில் சின்னச் சின்னக் கேட்கும் கருவிகளை மாட்டுவோம். கொஞ்சல், ஏச்சு, பேரம், வம்பு எல்லாம் அதில் சேரும். அந்தப் பேச்சிலிருந்து ஊரில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி உருவாகும். அத்தனை பிரதிகளும் கணினிக்குள் ஓர் ஊராக வாழும். கேள்வி கேட்டால் கூடிப் பேசி முடிவு சொல்லும். பிரதியூருக்குப் பிரியாணி வேண்டாம், மிரட்டினாலும் பயப்படாது. சோதனைக்கு எடுத்த ஊர்களில் எல்லாம், நிஜ ஊர் பிறகு எடுத்த முடிவை அது முன்கூட்டியே அச்சுப் பிசகாமல் சொன்னது.

நாகைக்குத் தெற்கே இருக்கும் தெத்திக்குப்பத்தின் கரையில் பெரிய கடற்பண்ணை ஒன்று அமைக்க அரசு முடிவு செய்தது. ஊரைக் காலி செய்து உள்ளே தள்ளி, பழைய அரிசி ஆலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடு கட்டித் தருவார்களாம். பிரதியூரைக் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லா வீடும் போகிறோம் என்று சொல்லிவிட்டது.

"நீயே போய்ச் சொல்லிட்டு வந்துடு தமயந்தி," என்றார் எங்கள் இயக்குநர் சேஷகிரி. "நாலு வருஷம் அங்க சோறு தின்ன ஆளு. அவங்க மனசுல இருக்குறதத்தானே சொல்லப்போற? சந்தோஷப்படுவாங்க."

சந்தோஷம் எப்படி இருந்தது என்பதை ஏலக்கொட்டகையில் பார்த்தேன்.

"யாரக் கேட்டு முடிவு பண்ணுனிய?" என்றார் ஊர் நாட்டார் தருமலிங்கம். பஞ்சாயத்துத் தலைவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"உங்களத்தான் கேட்டோம்," என்றேன்.

"நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லல. உங்க பிரதி சொல்லிச்சு."

"அப்ப அந்த நாயையே அரிசி ஆலைக்குக் கூட்டிட்டுப் போங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. கருவி மாட்டும்போது எங்களுக்கு மாலை போட்டவர் இதே நாட்டார்தான்.

களப்பணியின்போது நான் தங்கியிருந்தது வேதவல்லி வீட்டில். மீனை டவுனுக்கு எடுத்துப்போய் விற்கிறவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் கணவர் சின்னையனுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு; ஊரில் அதைப் 'போட்டு' என்பார்கள். வாய் அதிகம் இல்லாத மனிதர். அன்று மத்தியானம் அக்கா தட்டை என் முன்னால் தள்ளிய வேகத்திலேயே அவள் மனநிலை தெரிந்தது.

"இவரும் போறேன்னு சொன்னாராமா?"

"ஆமாக்கா."

"அந்த ஆளக் காட்டு. நான் கேட்டுக்குறேன்."

விதிப்படி ஒருவர் தன் பிரதியோடு பேசலாம். கையில் இருந்த பலகைக் கணினியைத் திறந்து சின்னையனின் பிரதியைக் கூப்பிட்டேன். திரையில் வந்தது சின்னையனேதான். அதே நரைத்த மீசை, பேசுவதற்கு முன் மூக்கைத் தேய்த்துக்கொள்ளும் அதே பழக்கம். ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பிரதியூரில் வருமானத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஏற்ப உடம்பு மாறும்.

சின்னையன் கூச்சத்தோடு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "என்னப்பா, நல்லாருக்கியா?"

"இருக்கேன்," என்றது பிரதி.

"கடல விட்டுட்டுப் போறேன்னு சொன்னியாமே?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? விடியக்காலம் போறேன், வெறுங்கையோட வர்றேன். கடல்ல ஒண்ணுமே இல்ல. வேதா மத்தியானம் சாப்புடறதில்ல. சாப்புட்டேன்னு பொய் சொல்றா. நானும் நம்புற மாதிரி இருந்துக்குறேன்."

வேதவல்லி அக்காவின் கை குழம்புச் சட்டிமேல் அப்படியே நின்றது.

"அங்க உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டது பிரதி. கேள்வியில் ஓர் ஆசை இருந்தது. "மீன் கெடைக்குதா?"

சின்னையன் மூக்கைத் தேய்த்தார். "எங்க... ஒண்ணும் இல்ல," என்றார்.

"ஏங்க!" என்று அக்கா கத்திவிட்டாள். "அது நீங்கதாங்க! உங்ககிட்டயேவா பொய் சொல்றிய?"

அதற்குள் பிரதி தலையை ஆட்டி, எல்லா இடமும் அப்படித்தான் போல என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நான் கணினியை மூடினேன். சட்டியில் கை அகலத்துக்கு வஞ்சிரத் துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"எவ்வளவு கெடைக்குதுண்ணே? நெசமா சொல்லுங்க," என்றேன்.

சின்னையன் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். அக்காதான் பதில் சொன்னாள். "மீன்பாடு நல்லாத்தான் இருக்கு. தெக்க ஒரு பாரு கண்டுபுடிச்சிருக்காரு. கடலுக்கடியில கல்லு, அதுல மீனு அடைஞ்சு கெடக்கும். பெரிய மீன வடக்க வேற துறையில எறக்கிப்புட்டு, சில்லறை மீனோட நம்மூருக்கு வருவாரு."

"ஏன்க்கா?"

"ஏனா? கெடைக்குதுன்னு சொன்னா மறுநா அந்த எடத்துல முப்பது போட்டு நிக்கும். கண்ணும் படும். இவரு மட்டும் இல்ல, இந்த ஊர்ல எந்த ஆம்பளையும், வீட்டுலயும் சரி, போட்டுலயும் சரி, மீன் கெடைச்சுதுன்னு வாயால சொன்னது கெடையாது. கேக்குறவனுக்கும் தெரியும், சொல்றவனுக்கும் தெரியும். இதுல என்ன இருக்கு?"

இதில் எல்லாமே இருந்தது. நான்கு வருஷம், நானூறு படகுப் பேச்சு, ஏலக்கொட்டகைக்கு வந்த சில்லறை மீன் எல்லாம் ஒரே குரலில் கடல் காலி என்று எங்களிடம் சொல்லியிருந்தன. ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் மற்றவர் பாதியைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். பிரதிகளுக்குக் கழிக்கத் தெரியவில்லை. தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பிப் பட்டினி கிடந்து, கடைசியில் கரையை விட்டுப் போகச் சம்மதித்திருந்தன.

ஒரு வழி இருந்தது. தகவல் தப்பு என்றால் அடுத்த அமாவாசைக்குள் ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லலாம். மையத்தின் கருவி முன்னால், எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும். தனியாக என் காதில் சொன்னால் சட்டப்படி செல்லாது. சொல்லப்பட்டதைப் பிரதியூரின் கூட்டத்திலும் அப்படியே சொல்ல வைத்து, மறுபடி கேள்வி கேட்பார்கள்.

"அவ்வளவுதானே? யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களும் சொல்லிடுவாங்க," என்றேன். "நீங்களே ஆரம்பிங்கண்ணே."

சின்னையன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அவர் காதுக்கு எட்டாது என்று தெரிந்த பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள். "எங்க மூத்தாரு இருக்காருல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்னையனின் அண்ணன் காத்தவராயன் இரண்டு வருஷத்துக்கு முன் படகை விற்றுவிட்டு டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்குப் போனார். விற்பதற்கு முன் ஏலக்கொட்டகையில் அவர் தம்பியிடம் கேட்ட கேள்வி எங்கள் பதிவிலேயே இருக்கிறது. கடல் எப்படிடா இருக்கு, இருந்தா இருக்கேன், இல்லேன்னா வித்துப்புடுறேன் என்று கேட்டார். ஒண்ணும் இல்லண்ணே என்றார் சின்னையன். ஊரான் சொன்னா நம்பமாட்டேன், தம்பியே சொல்றான் என்று அன்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார் காத்தவராயன்.

"அப்ப சுத்தி நாலு போட்டுக்காரன் நின்னானாம்," என்றாள் அக்கா. "வாயில அதான் வந்துச்சாம். அப்புறமா தனியாக் கூப்ட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தாரு. அந்த மனுசன் ஒரே வாரத்துல வித்துப்புட்டாரு. வித்ததுக்கப்புறம் எப்படிச் சொல்றது? ரெண்டு வருசமா இவரு அண்ணன் மொகத்தப் பாத்துப் பேசல. அவருக்குக் காரணம் தெரியாது. தம்பிக்கு எம்மேல என்ன கோவம்னு எங்கிட்டக் கேக்குறாரு."

"சொல்லலன்னா ஊர் போயிடும்க்கா."

"சொன்னா அண்ணந்தம்பி போயிடும்." அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "எம்புள்ளைய தூக்கி வளத்த ஆளு தமயந்தி அவரு. எனக்குப் பொறந்த வீட்டுல ஆம்பள கெடையாது. எங்கப்பா செத்தப்ப முன்னால நின்னு எல்லாம் செஞ்சது அவருதான்."

சேஷகிரிக்குப் போன் செய்து, பொய்யை நாமே திருத்திவிடலாமே என்று கேட்டேன். "நீ நெனச்சபடி திருத்தினா அது அவங்க ஊரா, உன் ஊரா?" என்றார். அந்த மனிதர் சரியாகப் பேசும்போதுதான் எனக்கு அவர்மேல் ரொம்ப எரிச்சல் வரும்.

அமாவாசையன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. ஏலக்கொட்டகை நிறைந்திருந்தது. ஆண்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் அங்கே இல்லை. அவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். காத்தவராயன் மண்டபத்தின் காக்கிச் சட்டையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஊர் போகப்போகிறது என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டு வந்தாராம்.

நாட்டார் விஷயத்தைச் சொன்னார். "உள்ளது உள்ளபடி சொல்லுங்கய்யா. இல்லேன்னா மூட்டையக் கட்டணும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் எழுந்தவர், போன வருஷம் பரவாயில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்தவர், மற்றவர்களுக்குக் கிடைத்திருக்கலாம், தனக்கு இல்லை என்றார். மூன்றாவது ஆள் இறால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நாட்டாரே தன் படகைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் கருவியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று எல்லோரையும் உலுக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

சின்னையன் எழுந்தார். மூக்கைத் தேய்த்தார். "கொஞ்சம்..." என்றார். அண்ணன் பக்கம் கண் போனது. "கொஞ்சம் கெடைக்கும். சுமாரா." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சுமாரு இல்ல," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. வேதவல்லி அக்கா கூட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

"பொம்பள பேசுற எடமா இது?" என்றார் யாரோ.

"மீன விக்குறது பொம்பளதானே? வித்தவ சொல்றேன்." அவள் நிறுத்தவில்லை. "தெக்க பாரு இருக்கு. மூணு வருசமா எங்க போட்டு அங்கதான் ஓடுது. வஞ்சிரம், கொடுவா, பாற எல்லாம் கெடைக்குது. வடக்க எறக்கி டவுன்ல விக்குறேன். அந்தக் காசுலதான் வீட்டுக்கு மாடி போட்டோம், எம்மாமியா சீட்டுப் பணம்னு ஊர்ல சொன்னது பொய்யி. எங்க மூத்தாரு கேட்டப்பவும் கெடைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒண்ணும் இல்லன்னு இவரு சொன்னாரு. நானும் பக்கத்துல நின்னேன். நானும் வாயத் தொறக்கல."

அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். பின்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காத்தவராயன் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சின்னையன் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அடைப்பு உடைந்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். எந்தப் பார், எந்த மாதம், எந்தத் துறை என்று சொன்னார்கள். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். அடப்பாவி, அது நான் கண்டுபிடித்த இடம் என்று இரண்டு இடத்தில் கைகலப்பு ஆனது. நாட்டாருக்கு இரண்டு பார் இருந்தது. கருவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

பிரதியூரில் அதே கூட்டத்தை நடத்தினோம். பிரதி வேதவல்லியும் எழுந்து இதையேதான் சொன்னாள். பிறகு கேள்வியைக் கேட்டோம். போகமாட்டோம் என்றது பிரதியூர், ஒரே ஒரு வீடு தவிர. கடற்பண்ணைத் திட்டம் நின்றது. சேஷகிரி எனக்குக் கை கொடுத்தார். தெத்திக்குப்பத்துக்கு நான் போனிலேயே சொல்லிவிட்டேன். மறுமுனையில் வெடிச்சத்தம் கேட்டது. அக்காவின் குரலில் மட்டும் சந்தோஷம் இல்லை. "எங்க மூத்தாரு வரலடி," என்றாள். "இவரு மண்டபத்து வாசல் வரைக்கும் போயிப் போயித் திரும்பி வர்றாரு. உள்ள போகக் கால் வரலயாம். கடலுக்கும் போகல."

கருவிகளைக் கழற்றி எடுத்துவர அடுத்த வாரம் நான் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிறுத்தத்தின் சிமெண்ட் பெஞ்சில் காக்கிச் சட்டையோடு காத்தவராயன் உட்கார்ந்திருந்தார். ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

"நீங்க வர்றியன்னு நாட்டார் சொன்னாரு," என்றார். "ஒரு விசயம் கேக்கணும் மேடம். அந்த ஊர்ல நான் இருக்கேன்ல?"

"இருந்தீங்க. டவுனுக்குப் போறதுக்கு முன்ன நீங்க பேசுனத வச்சுச் செஞ்சது."

"வேதா சொன்னதக் கேட்டுட்டு அவன் என்ன செஞ்சான்?"

மற்றவரின் பிரதியைப் பற்றித்தான் சொல்லக்கூடாது. அவருடையதைச் சொல்லலாம். சொல்லாமல் இருக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

"கூட்டத்துலேந்து எழுந்து போயிட்டாருண்ணே. மறுபடி கேட்டப்ப, இந்த ஊரே வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்த ஒரு வீடு உங்க வீடுதான். அன்னிக்கே கெளம்பிட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குப் பிடித்திருந்தது என்றுகூடத் தோன்றியது. "சரியாத்தான் செஞ்சிருக்கான். நானும் அதான் நெனச்சேன். எங்க போனான்?"

"எங்கயும் போகல."

"கெளம்பிட்டான்னு சொன்னிய?"

எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வந்தபோதுதான் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. "நாங்க ஊர மட்டுந்தாண்ணே செஞ்சோம். கடலு, கரை, கோயிலு, இந்த பஸ் ஸ்டாண்டு வரைக்கும். இதுக்கு அங்கிட்டு ஒண்ணும் செய்யல. டவுனும் இல்ல, மண்டபமும் இல்ல, அரிசி ஆலையும் இல்ல. இந்த எல்லையத் தாண்டுனா அவ்வளவுதான். அந்த ஆளு இருக்கமாட்டாரு."

"அப்ப மொத தடவ ஊரே போறேன்னுச்சே?"

"ஆமாண்ணே," என்றேன். ஊரே கிளம்பச் சம்மதித்தது ஒன்றுமே இல்லாத ஓர் இடத்துக்கு. அதைத்தான் சட்டம் சம்மதம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது.

காத்தவராயன் ரோட்டைப் பார்த்தார். ஒரு டவுன் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாததால் கிளம்பிப் போனது.

"அவன் தம்பி?" என்றார்.

"அதச் சொல்லக்கூடாதுண்ணே."

"சொல்லுங்க மேடம்."

"தெனம் இந்த எடத்துக்கு வந்து நிக்கிறாரு. கூப்புட்டுப் பாக்குறாரு."

"கூப்புட்டா வருவானா?"

"வரமுடியாதுண்ணே. இல்லாத ஆளு எப்படி வருவாரு?"

அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் காக்கிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போகமாட்டேன். மூத்தவன் நானாப் போயி அவன் வாசல்ல நிக்க முடியாது," என்றார். "ஆனா நான் இருக்கேன்ல மேடம்? எந்தம்பிக்கிட்ட சொல்லுங்க. வந்து கூப்புடச் சொல்லுங்க."

பையை அவரிடமே விட்டுவிட்டு நான் ஊருக்குள் ஓடினேன்.